உள்ளங்கையில் ஒரு சின்னக் காயம்



கொஞ்சம் நீளமான பதிவு. அதிரசத்துக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு மில்லில் காத்திருக்கிற நேரத்தில் படித்துவிடலாம்.

போன வாரம் என்னிடம் படித்த ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்திச் செய்த ஒரு துப்பாக்கி. உள்ளே ஒரு சின்னக் கல்லைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, பின்னால் இருக்கிற கேஸ் லைட்டரைத் தட்டினால் ‘டமார்’ என்று சத்தம். கூடவே அவன் குரலும் வந்தது. “டீச்சர், பையன் தீபாவளிக்கு இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். இதுல குண்டும் இல்ல, மருந்தும் இல்ல. வெறும் சத்தம்தான். வாங்கிக் குடுக்கலாமா?”

வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். ஆனால் ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை. முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தியவள் நான், காரணத்தை வரலாறாகத்தான் சொல்ல வரும். “குண்டு இல்லை, வெறும் சத்தம்தான்” என்ற அதே வாக்கியத்தை நூற்றுஇருபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான தகப்பன்மார் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆயிற்று என்பதுதான் இந்தப் பதிவு.

உங்களில் பலர் என்னிடம் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியும் உண்டு. “தீபாவளி லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்கு மட்டும் ஏன் டீச்சர் எல்லாரையும் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டச் சொல்வீங்க?” மருதாணி பார்க்க என்று சிலர் நினைத்தீர்கள். நகம் பார்க்க என்று சிலர். உண்மைக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்கர்களுக்கு ஜூலை 4 சுதந்திர தினம். 1776இல் விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள் என்று எட்டாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கும். நமக்குத் தீபாவளி எப்படியோ, வெடி விஷயத்தில் அவர்களுக்கு அந்த நாள் அப்படி. விடியற்காலையிலேயே தெருவில் சத்தம் தொடங்கிவிடும். பையன்களுக்கு அன்று எதற்கும் தடை கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவர்களுடைய உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, வார்ப்பிரும்பில் செய்த பொம்மைத் துப்பாக்கிகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. சிலவற்றில் நம் ஊர் பொட்டுக் கேப் போல ஒன்றை வைத்து வெடிப்பார்கள். சிலவற்றில் வெற்றுத் தோட்டா போடலாம். வெற்றுத் தோட்டா என்றால் உள்ளே வெடிமருந்து நிஜம், ஈயக் குண்டு மட்டும் இருக்காது. மருந்து கொட்டிவிடாமல் இருக்க, குண்டு இருக்க வேண்டிய இடத்தில் காகிதத்தாலோ அட்டையாலோ ஒரு சின்ன அடைப்பு வைத்திருப்பார்கள். சுட்டால் சத்தமும் புகையும் வரும். யாரையும் கொல்லாது. பொம்மைதானே என்று பெற்றவர்கள் காசைக் கொடுத்தார்கள்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருந்தது. பத்தடி தள்ளி நிற்பவருக்கு அந்தக் காகித அடைப்பால் ஒன்றும் ஆகாது. கையையே துப்பாக்கி வாயில் வைத்திருந்தால் அதே காகிதம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பையன்கள் தோட்டாவைப் போடும்போது இடது கையால் குழாயைப் பிடித்திருப்பார்கள். கை தவறி விசை தட்டிவிடும். இடது உள்ளங்கையில் சின்னதாக, ஆழமாக ஒரு துளை. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் கரி. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி விளையாடப் போய்விடுவான். இரண்டு நாளில் மேல் தோல் மூடிவிடும். அம்மாவும் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவனால் வாயைத் திறக்க முடியாது. தாடை பூட்டிக்கொள்ளும். பிறகு கழுத்து விறைக்கும். உடம்பு வில் மாதிரி பின்னால் வளையும். நம் பழைய வைத்தியத்தில் இந்த நோய்க்குத் தனுர்வாதம் என்றே பெயர், தனுசு என்றால் வில். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் ‘ரண ஜன்னி’ என்று எழுதியிருப்பதும் இதைத்தான். ஆங்கிலத்தில் டெட்டனஸ்.

இந்த நோயின் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் மாட்டுச் சாணத்திலும் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காற்றுப் படுகிற இடத்தில் அது வளராது. காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் போனால் விழித்துக்கொண்டு விஷத்தைச் சுரக்கும். அன்றைய அமெரிக்க நகரத்துத் தெருவெல்லாம் குதிரை வண்டி. பையன் கையில் தெரு மண். அந்த மண்ணையும் கரியையும் காகிதத்தையும் சேர்த்து உள்ளே திணித்து, மேலே தோலை மூடிவிட்டால், அந்தக் கிருமி கேட்கிற வீடு அதுதான். பெரிதாகக் கிழிந்து ரத்தம் கொட்டிய காயத்தைவிட, சின்னதாக மூடிக்கொண்ட காயம்தான் ஆபத்து. இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும்.

1881ஆம் வருடம் ஜூலை மாதம் பல ஊர்களில் ஒரே சமயத்தில் பையன்கள் இப்படிச் செத்தார்கள். பொம்மைத் துப்பாக்கியின் பெயரைச் சொல்லியே செய்தித்தாள்கள் எழுதின. சில ஊர்களில் தடை உத்தரவும் போட்டார்கள். ஆனால் அந்த ஜூலை 2ஆம் தேதிதான் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டிருந்தான். வாஷிங்டனில் படுத்திருந்த அந்த ஒருவருடைய காயத்தைப் பற்றித்தான் நாடே செப்டம்பர் வரை பேசிக்கொண்டிருந்தது. பையன்களின் உள்ளங்கைக் காயம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. அடுத்த ஜூலையில் துப்பாக்கிகள் மறுபடி கடைக்கு வந்தன.

ஏன் இருபது வருடத்துக்கு மேலாக யாருக்கும் உறைக்கவில்லை என்று வகுப்பில் நான் கேட்டிருந்தால், “அவங்க முட்டாள் டீச்சர்” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்திருக்கும். அப்படி இல்லை. காரணம் நாள்காட்டியில் இருந்தது. ஜூலை 5ஆம் தேதி செய்தித்தாளில் முதல் நாள் அடிபட்டவர்களின் கணக்கு வரும். கை போனவர், கண் போனவர், தீக்காயம் பட்டவர் எல்லாம் அதில் இருப்பார்கள். உள்ளங்கையில் சின்னத் துளை விழுந்த பையன் அந்தக் கணக்கில் இருக்க மாட்டான், அவன் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பான். அவன் சாவது ஜூலை 12, 14இல். அதற்குள் பண்டிகைப் பேச்சு அடங்கிவிட்டிருக்கும். அந்த ஊரில் ஒருவன், இந்த ஊரில் ஒருவன் என்று தனித்தனியாகச் செத்ததால், அவரவர் வீட்டுத் துக்கமாக அது முடிந்துபோனது. கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

1903இல் அந்த ஆள் கிடைத்தார். ஒருவர் அல்ல, ஒரு பத்திரிகை. சிகாகோவிலிருந்து வெளிவந்த அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ். நாடு முழுவதும் வந்த செய்தித்தாள் துணுக்குகளைச் சேர்த்தார்கள், ஊர் ஊராக மருத்துவர்களிடம் தகவல் கேட்டார்கள். முக்கியமாக, ஜூலை 5ஆம் தேதியோடு கணக்கை மூடாமல் மாதம் முடிகிறவரை காத்திருந்தார்கள். காத்திருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

அந்த ஒரு வருடப் பண்டிகையில் மட்டும் இறந்தவர்கள் 466 பேர். காயம்பட்டவர்கள் 3,983 பேர். இறந்த 466 பேரில் 406 பேர் ரண ஜன்னியால் இறந்தவர்கள். வெடித்துச் சிதறியோ தீப்பிடித்தோ இறந்தவர்கள் மீதி 60 பேர்தான். இத்தனை வருடமாக எல்லோரும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்த 60 பேருக்கான ஆபத்தை.

ரண ஜன்னி வந்தவர்கள் மொத்தம் 415 பேர், அவர்களில் பிழைத்தவர்கள் 9 பேர் மட்டுமே. அந்த 415 பேரில் 363 பேருக்குக் காயம் எதனால் ஏற்பட்டது தெரியுமா? வெற்றுத் தோட்டாவால். பெரிய வெடிகளால் வந்தது 17 பேருக்குத்தான். அதாவது வானம் அதிர வெடித்தவை பின்னால் நிற்க, “குண்டு இல்லை, வெறும் சத்தம்தான்” என்று பெற்றவர்கள் தைரியமாக வாங்கிக் கொடுத்த சாமான் முதலில் நின்றது.

இந்தக் கணக்கு அச்சில் வந்த பிறகு நடந்த இரண்டு மாற்றங்களையும் பிரித்துப் பாருங்கள். நான் உங்களுக்கு அட்டவணை படிக்கக் கற்றுக்கொடுத்தது இதற்குத்தான்.

முதல் மாற்றம் மருத்துவர்களிடம் வந்தது. ரண ஜன்னிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த கிடசாட்டோ, 1889இல். அடுத்த வருடமே அவரும் ஜெர்மனியின் பெரிங்கும் சேர்ந்து அதன் விஷத்துக்கு முறிவு மருந்தைக் கண்டுபிடித்தார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. நோய் வந்த பிறகு கொடுத்தால் பெரும்பாலும் பயன் இருக்காது, வருவதற்கு முன் கொடுத்தால் காப்பாற்றும். ஆகவே பத்திரிகை மருத்துவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: வெற்றுத் தோட்டாக் காயத்தோடு ஒரு பையன் வந்தால் கட்டுப்போட்டு அனுப்பாதீர்கள். காயத்தை நன்றாகத் திறந்து, உள்ளே இருக்கிற காகிதத்தையும் அழுக்கையும் எடுத்து, மூடாமல் விட்டு, முறிவு மருந்தைப் போட்டு அனுப்புங்கள்.

1904ஆம் வருடப் பண்டிகையில் காயம்பட்டவர்கள் 3,986 பேர். முந்தைய வருடத்துக்கும் இதற்கும் மூன்றே பேர்தான் வித்தியாசம், பையன்கள் கொஞ்சமும் திருந்தவில்லை. ஆனால் ரண ஜன்னி வந்தவர்கள் 415இலிருந்து 105 ஆகக் குறைந்தார்கள். அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே தெரு. காயத்தைப் பார்த்த பெரியவர்களின் கண் மட்டும் மாறியிருந்தது. முந்நூறு பேர்!

இரண்டாவது மாற்றத்துக்கு இன்னும் ஐந்து வருடம் ஆனது. மருத்துவத்தால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1909இல் ரண ஜன்னி மறுபடி 150 ஆக ஏறியது, காயம்பட்டவர்கள் ஐந்தாயிரத்தைத் தாண்டினார்கள். நாட்டுப்பற்றைக் காட்டும் நாள், இதைத் தடுக்கலாமா என்று ஒரு பக்கம் எதிர்ப்பு. வியாபாரம் போய்விடும் என்று இன்னொரு பக்கம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

ஓஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து என்றொரு நகரம். 1908 ஜூலை 3, பண்டிகைக்கு முதல் நாள். கிரெஸ்கி என்ற மலிவு விலைக் கடையில் நல்ல கூட்டம். வாங்க வந்தவர்களுக்குக் கடைக்குள்ளேயே ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் காட்டினார்கள். வெடி கூட அல்ல, கைக்குழந்தை கையில் நாம் கொடுக்கிறோமே, அந்தக் கம்பி மத்தாப்பு. ஒரு பொறி பறந்து பக்கத்தில் அடுக்கியிருந்த பட்டாசில் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். நகரசபை உடனே கூடியது. பட்டாசும் வெற்றுத் தோட்டாவும் நகரத்துக்குள் தனியார் கைக்குப் போகக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1909இல் வாஷிங்டனும் பின்பற்றியது. பிறகு ஒவ்வொரு நகரமாக வந்தன. கொண்டாட்டத்தை நிறுத்தவில்லை. ஊர் மைதானத்தில் தெரிந்த ஆட்கள் வாணவேடிக்கை நடத்த, குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று மாற்றினார்கள். பத்திரமான, புத்தியுள்ள ஜூலை 4 என்று அந்த இயக்கத்துக்குப் பெயர்.

1909இல் 5,092 ஆக இருந்த காயங்கள் 1911இல் 1,546. இறப்பு 215இலிருந்து 57. ரண ஜன்னி 150இலிருந்து 18. அதற்கப்புறம் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது.

முதலில் கணக்கு, அப்புறம் வைத்தியம், அப்புறம் சட்டம். இந்த வரிசை மாறி எந்த ஊரிலும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் பிள்ளைகள் என்பதுதான் வருத்தம்.

சரி, குழாய்த் துப்பாக்கிக்கு வருவோம். அதன் பாட்டனும் இந்தக் கதைக்குள்ளேதான் பிறந்தான்.

வெடிமருந்துப் பொம்மைகளுக்கு எதிர்ப்பு வலுத்த அந்தக் காலத்தில், பென்சில்வேனியாவிலுள்ள லீஹை பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் 1907இல் ஒரு பொம்மை பீரங்கிக்குக் காப்புரிமை வாங்கினார். வெடிமருந்தே இல்லாத பீரங்கி. கால்சியம் கார்பைடு தூள் தண்ணீரில் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் எரிகிறதே, அதே வாயு. அதை ஒரு பொறியால் பற்றவைத்தால் சத்தம் வரும். 1912 வாக்கில் அது கடைக்கு வந்தது. வெடிக்குப் பதிலாக இதோ பத்திரமான பொம்மை என்றுதான் விற்றார்கள். அதற்குத் தகுந்தபடிதான் செய்தும் இருந்தார்கள். உடம்பு வார்ப்பிரும்பு. ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகைத் தூள் மட்டும் விழுகிற மாதிரி அளவு.

அந்த யோசனையில் இரும்பையும் அளவையும் எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயை வைத்தால் கிடைப்பதுதான் என் மாணவன் அனுப்பிய வீடியோவில் இருந்த சாமான். கார்பைடு கல் உங்களுக்குத் தெரியாததல்ல. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கப் போடுகிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பறிமுதல் செய்வதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதே கல்தான்.

2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் இந்தக் கார்பைடு துப்பாக்கி ரீல்ஸ் மூலமாகப் பரவியது. தெருவோரத்தில் நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்கு விற்றார்கள். சில நாட்களுக்குள் போபாலிலும் சுற்று மாவட்டங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சில பிள்ளைகளுக்குப் பார்வையே போனது. விற்பனைக்குத் தடை போட்டார்கள், விற்றவர்களைக் கைதும் செய்தார்கள்.

ஏன் கண்? இதுதான் இந்தப் பொம்மைக்குள் ஒளிந்திருக்கிற விஷயம். லைட்டரைத் தட்டியும் சில சமயம் வெடிக்காது. உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். வெடிக்காவிட்டால் ஒரு பையன் என்ன செய்வான்? குழாய்க்குள் எட்டிப் பார்ப்பான். நீங்களாக இருந்தாலும், சின்ன வயதில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். எட்டிப் பார்க்கிற நொடியில் பற்றினால், நெருப்போடு சேர்ந்து கார்பைடு துகளும் கண்ணில் அடிக்கும். கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் மிஞ்சுவது சுண்ணாம்பு. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று வெற்றிலை போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெந்துபோகும். கண்ணீரின் ஈரமே போதும், உள்ளே இருக்கிற துகள் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

1903இல் பையனின் கை துப்பாக்கி வாயில் இருந்தது. 2025இல் பையனின் கண் துப்பாக்கி வாயில் இருந்தது. பொம்மையை யோசிக்கிறவர் அது ஒழுங்காக வெடித்தால் என்ன ஆகும் என்றுதான் யோசிக்கிறார். குழந்தையைத் தெரிந்தவர், அது வெடிக்காவிட்டால் குழந்தை என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். அந்த வேலை நம்முடையது, கடைக்காரருடையது அல்ல.

நம் நாட்டிலும் பொம்மைக்குச் சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தெருவோரத்துக் குழாய்க்கு முத்திரையும் கிடையாது, செய்தவர் பெயரும் கிடையாது. நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்கவும் ஆள் கிடையாது.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி.

1988. தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதிப் போட்டதை எல்லோரும் எழுதுகிறார்கள், ஒரு பையன் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் பதில் இல்லை. அப்போதெல்லாம் என் மேசையில் பிரம்பு இருக்கும், மறந்திருக்க மாட்டீர்கள். “நீட்டுடா கையை” என்றேன். இடது கையை நீட்டினான். எழுதுகிற கையை நீட்டு என்று அதட்டினேன். அவன் நீட்டவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டு நானே அவன் கையைப் பிடித்து இழுத்து விரித்தேன்.

உள்ளங்கை நடுவில் ஒரு சின்ன வட்டம். அதன்மேல் காபித்தூள் அப்பியிருந்தது. சுற்றிலும் சிவந்து, வீங்கி, சுட்டது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டேன்.

கேப் சுருளிலிருந்து மருந்தையெல்லாம் சுரண்டி ஒரு இரும்பு நட்டுக்குள் அடைத்துக் கல்லால் அடித்திருக்கிறான். ஐந்து நாளாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. “கேப்பைச் சுரண்டுனா தோலை உரிச்சிருவேன்னு அப்பா சொன்னாரு டீச்சர்” என்றான். அதனால் வீட்டில் கையை மூடியே வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை, பிரம்பு தரையில் கிடந்தது.

தலைமையாசிரியர் அவனைச் சைக்கிளில் உட்கார வைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அடுத்த பீரியட் முடிந்ததும் நானும் போனேன். மருத்துவர் காயத்தைத் திறந்து, உள்ளேயிருந்து காகிதத் துணுக்கும் மண்ணும் எடுத்துக் காட்டினார். ஊசி போட்டார். “இன்னைக்காவது கூட்டிட்டு வந்தீங்களே” என்று மட்டும் சொன்னார். பையன் தப்பித்தான். இப்போது அவனுக்குக் கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். ஒருவேளை இதைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். நீ எனக்குக் கற்றுக்கொடுத்தது, நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததைவிட அதிகம் தம்பி.

அன்று எனக்கு 1903ஆம் வருடத்துக் கணக்கு தெரியாது. பல வருடம் கழித்து அதைப் படித்தபோது, ‘உள்ளங்கைக் காயம்’ என்ற சொல் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த 406 பேரில் எத்தனை பேர் திட்டுக்குப் பயந்து கையை மூடிக்கொண்டு திரிந்தார்களோ! எந்தப் பத்திரிகையும் அதைக் கணக்கெடுத்திருக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு தீபாவளி லீவு முடிந்த நாளிலும் உங்களையெல்லாம் கையை விரிக்கச் சொன்னேன். பிரம்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கேட்பேன், அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே, இந்தத் தீபாவளிக்கு உங்கள் பழைய டீச்சரின் வீட்டுப்பாடம்:

ஒன்று. கார்பைடு துப்பாக்கி வேண்டவே வேண்டாம். வீட்டில் செய்வதும் வேண்டாம். அண்ணன்மார் யாராவது யூடியூப் பார்த்துக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தால் வாங்கி வையுங்கள்.

இரண்டு. வெடிக்காமல் போனதை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, மறுபடி கொளுத்தக் கூடாது. தள்ளி நின்று, கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர்கள் வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும்.

மூன்று. கம்பி மத்தாப்பும் நெருப்புதான். எரிந்து முடிந்த கம்பியைப் போட ஒரு வாளியில் மணலோ தண்ணீரோ பக்கத்தில் இருக்கட்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொளுத்தாதீர்கள்.

நான்கு. கண்ணில் ஏதாவது பட்டால் தேய்க்காமல், ஓடுகிற சுத்தத் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். அங்கிருந்து நேராகக் கண் மருத்துவரிடம். தீக்காயத்துக்கும் முதலில் தண்ணீர்தான். காபித்தூள், பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம்.

ஐந்து. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். குழந்தைப் பருவத்து ஊசிகளோடு, 5-6 வயதிலும், பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கான ஊசி உண்டு. பெரிய பிள்ளைகளுக்குத்தான் விட்டுப்போகும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆழமான காயம் எதுவானாலும் ஊசி போட வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

ஆறு. இதுதான் முக்கியம். தீபாவளிக்கு முதல் நாளே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “அடிபட்டா உடனே வந்து சொல்லு, திட்ட மாட்டேன்” என்று சொல்லுங்கள். பிறகு நிஜமாகவே திட்டாதீர்கள். திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப் போடலாம், காயத்தைத் தள்ளிப் போட முடியாது.

வீடியோ அனுப்பியவனுக்கு: உன் பையனிடம் போனைக் கொடு, நானே பேசுகிறேன். துப்பாக்கி கிடைக்காத வருத்தத்துக்கு ஆச்சி வீட்டு முறுக்கு ஒரு டப்பா அனுப்பி வைக்கிறேன்.

எல்லோருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள். பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு தடவை கேளுங்கள்: “எங்கே, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டு, பார்ப்போம்.”

அன்புடன்,
உங்கள் டீச்சர்